45 பென்ஸுக்கு மேல் கொடுக்காதே: க்ராஸ் குழுவின் இசைத்தட்டுகள்

கேள்வி இதுதான்: "பங்க் ராக் என்றால் எனக்கு செக்ஸ் பிஸ்டல்ஸும் க்ளாஷும்தான் தெரியும். அனார்க்கோ-பங்க் என்ற வகை க்ராஸ் என்ற குழுவிடமிருந்துதான் கிளம்பியது என்கிறார்கள். போனில் போட்டுக் கேட்டேன். ஒரே இரைச்சல், ஒரே கத்தல். இதில் அப்படி என்ன இருக்கிறது? கேட்பதானால் எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது?"

உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. க்ராஸ் பாட்டுகளை வெறும் ஒலியாகக் கேட்ட எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். அவர்கள் கடைக்கு அனுப்பியது ஒரு பொட்டலம். அதில் தட்டு இருக்கும், மடிப்பு மடிப்பாக விரிகிற அட்டை இருக்கும், பொடி எழுத்தில் நெருக்கி அடித்த பாடல் வரிகள் இருக்கும், பல சமயம் ஒரு கட்டுரையும் இருக்கும். அட்டையின் முகப்பிலேயே விலையும் அச்சாகியிருக்கும். சும்மா விலை மட்டும் போடவில்லை, "இதற்கு மேல் கொடுக்காதே" என்ற கட்டளையோடு. ஸ்ட்ரீமிங்கில் இந்தப் பொட்டலத்திலிருந்து சத்தம் மட்டும்தான் வந்து சேர்கிறது. கடிதத்தை விட்டுவிட்டு உறையை மட்டும் பார்த்த கதைதான்.

அதனால் பதில் கொஞ்சம் நீளும். பாட்டோடு அட்டை, விலை, பட்டியல் எண் (கம்பெனி ஒவ்வொரு தட்டுக்கும் இடும் எண்) எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடுவோம். லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் கிராமப்புறத்தில் டயல் ஹவுஸ் என்று ஒரு பழைய பண்ணை வீடு. 1967இல் பென்னி ரிம்போ அங்கே குடியேறினார். ஓவியக் கல்லூரியில் படித்தவர். கொஞ்ச நாளில் அந்த வீடு யார் வந்தாலும் தங்கலாம் என்ற திறந்த வீடாக மாறியது. தோட்டம் போட்டுச் சாப்பிட்டு, படம் வரைந்து, கவிதை எழுதி, விசித்திரமான இசை பண்ணிக்கொண்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஹிப்பிகள். அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோன தொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன், க்ளாஷ் கச்சேரியைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு பேண்டு தொடங்கணும் என்ற வெறியோடு 1977இல் வந்து நிற்கிறான். அவன்தான் ஸ்டீவ் இக்னரன்ட். பையனுக்கு ஏறக்குறைய 20 வயது. 'நான் ட்ரம்ஸ் அடிக்கிறேன்' என்ற ரிம்போவுக்கு 34.

வேடிக்கையைப் பாருங்கள். பங்க் காலத்தில் 'ஹிப்பி' என்பது வசைச் சொல். ஹிப்பிகளை வெறுப்பதுதான் பங்குக்கு அடையாளம் என்று நினைத்த காலம் அது. அந்த நேரத்தில் ஒரு ஹிப்பி வீட்டிலிருந்து, மற்ற எல்லா பங்க் குழுக்களையும்விடக் கறாரான ஒரு பங்க் குழு புறப்படுகிறது. பிறகு வந்து சேர்ந்தவர்கள் ஈவ் லிபர்டீன், ஜாய் டி விவ்ர் (இருவரும் பாடகிகள்), பீட் ரைட் (பேஸ்), ஃபில் ஃப்ரீ, ஆண்டி பாமர் (கிட்டார்கள்), மிக் டஃபீல்ட் (கச்சேரியில் ஓடும் படங்கள்), ஜீ வோஷர் (ஓவியம்). பாதிப் பெயர்கள் புனைபெயர்கள் என்று பார்த்தாலே தெரியும். வடக்கு லண்டனில் சதர்ன் என்ற ஸ்டுடியோ வைத்திருந்த ஜான் லோடரையும் குழுவில் ஒருவராகவே சொல்ல வேண்டும். ஒலிப்பதிவும் அவர்தான், தட்டு அச்சடித்து ஊர் ஊராக அனுப்பும் வேலையும் அவர் மூலம்தான் நடந்தது.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கல். தமிழில் 'அராஜகம்' என்றால் நமக்கு ரவுடித்தனம்தான் ஞாபகம் வரும். செக்ஸ் பிஸ்டல்ஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதும் ஏறக்குறைய அந்த அர்த்தத்தில்தான். க்ராஸ் அதை அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது: எனக்கு மேலே அதிகாரி வேண்டாம், நானும் யாருக்கும் அதிகாரி இல்லை. போரும் வேண்டாம், மதமும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அனார்க்கோ-பங்க் என்ற கிளை. கறுப்பு உடையில் மேடையேறுவார்கள். பின்னால் பெரிய துணிப் பதாகைகள் தொங்கும், தொலைக்காட்சிப் பெட்டிகளில் போர்க் காட்சிகள் ஓடும்.

சரி, தட்டுகளுக்கு வருவோம்.

முதல் தட்டு 'தி ஃபீடிங் ஆஃப் தி 5000'. பதிவானது 1978 கடைசியில். கிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோவில் ஸ்மால் வொண்டர் என்ற தட்டுக்கடையை நடத்தி, அதே பெயரில் சின்ன கம்பெனியும் வைத்திருந்தவர் பீட் ஸ்டென்னட். இவர்கள் கொடுத்த மாதிரிப் பதிவைக் கேட்டு ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொள்ளும் சின்னத் தட்டு) போடலாம் என்று நினைத்தார். எந்தப் பாட்டைப் போடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை. அப்போ எல்லாவற்றையும் போட்டுவிடுவோம் என்றார். 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று வேகம், ஏறக்குறைய அரைமணி நேரத்தில் 18 பாட்டுகள் என்று கணக்கு. பெயர் பைபிளில் இயேசு ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கடைக் கணக்கும் உண்டு: தொழிற்சாலை குறைந்தபட்சம் 5000 தட்டு இருந்தால்தான் அச்சடிக்கும். விற்கும் என்று இவர்கள் எதிர்பார்த்ததைவிட அது 4900 அதிகம் என்று பின்னாளில் கிண்டலாகச் சொன்னார்கள்.

இந்தத் தட்டின் முதல் உருப்படி 'அசைலம்'. ஈவ் லிபர்டீன் கிறிஸ்துவை நேராக முன்னால் நிறுத்தி விசாரிக்கிற ஒரு வசனம். பாட்டு என்று சொல்ல முடியாது. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, கிட்டார் இரைச்சலுக்கு மேல் ஒரு பெண் குரல் மட்டும். அச்சடிக்க அனுப்பியது அயர்லாந்துத் தொழிற்சாலைக்கு. அங்கே வேலை செய்தவர்கள் இது தெய்வ நிந்தனை, தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த உருப்படியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு நிமிட மௌனத்தைப் பதித்து 'தி சவுண்ட் ஆஃப் ஃப்ரீ ஸ்பீச்', அதாவது பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை, என்று தலைப்பு வைத்தார்கள்.

இதைக் கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். 1979இல் ஒரு பையன் தட்டை வாங்கி வந்து ஊசியை வைக்கிறான். முள் கீறுகிற கரகரப்பு மட்டும் வருகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா என்று வயரை ஆட்டிப் பார்த்திருப்பான். இரண்டு நிமிடம் கழித்துத்தான் ரிம்போவின் ட்ரம்ஸ் ராணுவ அணிவகுப்பு மாதிரி இடிக்கத் தொடங்குகிறது. அதே தட்டில் இன்னொரு மௌனமும் இருக்கிறது. 'தேவ் காட் எ பாம்' என்ற அணுகுண்டுப் பாட்டின் நடுவில் எல்லோரும் திடீரென்று நிறுத்திவிடுவார்கள். அது அவர்களே வேண்டி வைத்தது. கச்சேரியில் குதித்துக்கொண்டிருக்கும் கூட்டம் அந்த நொடியில் நின்று யோசிக்கட்டும் என்று. அமெரிக்க இசைக் கலைஞர் ஜான் கேஜிடமிருந்து வந்த யோசனை. ஆக முதல் அச்சில் தொழிற்சாலை திணித்த மௌனம் ஒன்று, தாங்களே வைத்த மௌனம் ஒன்று. சத்தத்துக்குப் பேர்போன குழுவின் முதல் தட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'பங்க் இஸ் டெட்' என்ற பாட்டும் இதில்தான் இருக்கிறது. பங்க் செத்துவிட்டது, பெரிய கம்பெனிகளுக்கு விலைபோய்விட்டது என்று முதல் தட்டிலேயே கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டார்கள். சிபிஎஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட க்ளாஷ் குழுவைப் பெயர் சொல்லியே திட்டியிருப்பார்கள். ஸ்டீவ் பேண்டு தொடங்கக் காரணமே க்ளாஷ்தான் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

'அசைலம்' கதை அதோடு முடியவில்லை. ஸ்டென்னட்டை இனி வம்பில் மாட்டிவிடக் கூடாது, தங்கள் வார்த்தையில் வேறு யாரும் கை வைக்கவும் கூடாது என்று க்ராஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே வசனத்தை நீட்டி, புதிதாகப் பதிவு செய்து, 'ரியாலிட்டி அசைலம்' என்ற பெயரில் 1979இல் சிங்கிளாகப் போட்டார்கள். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஆபாசத் தடுப்புப் பிரிவு போலீசார் டயல் ஹவுஸுக்கே வந்து விசாரித்தார்கள். வழக்கு போடுவோம் என்று மிரட்டிவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள்.

அந்த சிங்கிளின் விலை 45 பென்ஸ் (நூறு பென்ஸ் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் பவுண்டு). அன்றைக்குக் கடையில் மற்ற சிங்கிள்கள் ஏறக்குறைய 90 பென்ஸ். பாதி விலை. அட்டையிலேயே அடித்துவிட்டால் கடைக்காரர் கூட்டி விற்க முடியாது. அபாரமான திட்டம், ஒரே ஒரு ஓட்டை: கணக்குப் போடும்போது மதிப்புக் கூட்டு வரியை மறந்துவிட்டார்கள். விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் கையிலிருந்து காசு போனது. முதலாளித்துவத்தைப் பற்றி அத்தனை பேசியவர்களுக்கு வரிப் பட்டியல் கண்ணில் படவில்லை. பின்பு விலையைச் சரி செய்துகொண்டாலும், விலையை முகப்பில் அச்சிடும் வழக்கத்தை மட்டும் கடைசி வரை விடவில்லை.

பட்டியல் எண்களையும் கவனியுங்கள். 1979இல் 521984 என்று போட்டார்கள். 5-2-1984, ஆங்கிலத்தில் 'ஃபைவ் டு 1984', அதாவது 1984க்கு இன்னும் 5 வருடம் என்று பிரித்துப் படிக்க வேண்டும். அடுத்த வருடம் 421984, அப்புறம் 321984. சர்வாதிகார அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலால் அந்த ஆண்டுக்கு ஒரு சாபம்போல அர்த்தம் ஏறியிருந்ததே, அதுதான். 1984 வந்ததும் குழுவைக் கலைத்துவிடுவோம் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். எப்போது சாகப்போகிறோம் என்பதைத் தட்டின் முதுகில் எண்ணாகப் போட்டு விற்ற வேறு குழு எனக்குத் தெரிந்து இல்லை.

1979இலேயே 'ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி க்ராஸ்' என்ற இரட்டைத் தட்டு. தலைப்பு சிலுவைப்பாதையை வைத்து ஒரு சிலேடை. கூடவே மேடையேறிக்கொண்டிருந்த பாய்ஸன் கேர்ல்ஸ் என்ற குழு கடன் கொடுத்துத்தான் அது வெளிவந்தது. மூன்று பக்கம் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிந்தது, நாலாவது பக்கம் இஸ்லிங்டன் பகுதியில் பைட் புல் என்ற மதுக்கடையில் நடந்த கச்சேரி. என் அபிப்பிராயத்தில் இது தேவைக்கு மேல் நீளம். பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் குறைவு, பாதியில் களைத்துவிடும். ஆனால் அந்த நாலாவது பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேடையில் இவர்கள் எவ்வளவு இறுக்கமாக வாசித்தார்கள் என்பது அதில்தான் புரியும்.

1980இல் பாய்ஸன் கேர்ல்ஸோடு பங்குபோட்ட சிங்கிளில் க்ராஸின் பக்கம் 'ப்ளடி ரெவல்யூஷன்ஸ்'. இதற்கு ஒரு முன்கதை உண்டு. முந்தைய ஆண்டு லண்டன் கான்வே ஹாலில் இவர்கள் கச்சேரியில் வலதுசாரி மொட்டைத் தலைக் கும்பலுக்கும் இடதுசாரிகளுக்கும் பெரிய அடிதடி. க்ராஸ் இரண்டு பக்கத்தையும் திட்டியது. துப்பாக்கியால் வருகிற புரட்சி இன்னொரு முதலாளியைத்தான் கொண்டுவரும் என்பதுதான் இந்தப் பாட்டு. நாஜிகளை அடித்து விரட்டியவர்களையும் அவர்களோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாமா என்று அன்றே பலர் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. இந்த சிங்கிளில் வந்த பணம் வாப்பிங் பகுதியில் ஓர் அனார்க்கிஸ்ட் மையத்துக்குப் போனது. மையம் நெடுநாள் ஓடவில்லை.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்த சிங்கிளைத் தாண்ட முடியாது. செக்ஸ் பிஸ்டல்ஸ் நால்வரும் நிற்கிற பிரபலமான புகைப்படம். ஆனால் தலைகள் வேறு: எலிசபெத் ராணி, போப் இரண்டாம் ஜான் பால், நீதிதேவதை சிலை, அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர். பார்த்தவுடன் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டிய வேலை என்று தோன்றும். கிட்டே வைத்துப் பாருங்கள், ஒட்டிய விளிம்பே இருக்காது. ஜீ வோஷர் அதை முழுக்கக் கையால் கோவாஷ் என்ற நீர்வண்ண வகையில் வரைந்திருக்கிறார். ராணியின் முகத்தில் விழும் நிழலும் உடையின் மடிப்பும் தூரிகை வேலை. கச்சாவாகத் தெரிகிற பங்க் அட்டைக்கு அத்தனை நாள் உட்கார்ந்து வரைந்த பொறுமை இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் குழுமீது எனக்கு மரியாதையே வந்தது.

அடுத்து வந்த 'நாகசாகி நைட்மேர்' சிங்கிளின் அட்டையை விரித்தால் பிரிட்டனில் அணு உலைகளும் அணு ஆயுதத் தளங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் பெரிய வரைபடம் வரும். அணு மின்சாரத்துக்கும் அணு ஆயுதத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரையும் இருக்கும். உங்கள் ஊரிலிருந்து எத்தனை மைல் என்று விரல் வைத்துப் பார்க்கலாம். பதினைந்து வயதுப் பையன் சுவரில் ஒட்டிவைக்க நடிகை படத்துக்குப் பதிலாக இப்படி ஒன்று. மறுபக்கம் 'பிக் ஏ லிட்டில் ஏ'. பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டுபோலத் தொடங்கி, ராணி, கடவுள், தாட்சர் என்று ஒவ்வொருவர் குரலாக எடுத்துப் பேசி, கடைசியில் உன் வாழ்க்கையை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பவனிடமே வந்து நிற்கும். க்ராஸ் என்றால் என்ன என்று ஒரே பாட்டில் காட்டச் சொன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இப்போது என் கணக்கில் இவர்களுடைய சிறந்த தட்டு: 'பீனிஸ் என்வி', 1981. பெண்களுக்கு ஆண்குறிமீது பொறாமை என்று உளவியலாளர் ஃப்ராய்டு சொன்ன பேர்போன கருத்தைத் தலைப்பு கேலி செய்கிறது. இதற்குள் க்ராஸ் என்றாலே ஸ்டீவின் கத்தல் என்று முத்திரை விழுந்துவிட்டது. ஆகவே ஸ்டீவை முழுத் தட்டுக்கும் வெளியே உட்கார வைத்துவிட்டு, ஈவ் லிபர்டீனும் ஜாய் டி விவ்ரும் மட்டும் பாடினார்கள். பொருள் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றே: கல்யாணம், அழகு, தாய்மை என்று பெண்ணைச் சுற்றிக் கட்டிய கயிறுகள். கிட்டார்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது, மெட்டுகள் கிடைத்திருக்கின்றன, சொற்கள் காதில் விழுகின்றன. முதல் பாட்டு 'பாட்டா மோட்டல்'. பாட்டா என்றால் நமக்குப் பள்ளிக்கூடச் செருப்பு. அங்கே அது சிவப்பு ஹை ஹீல்ஸ். ஓட முடியாத செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் தள்ளிவிடு, அதற்கு அதிக சிரமம் வேண்டாம் என்று ஒரு பெண் கொஞ்சுகிற குரலில் சொல்லிக்கொண்டே போவாள். கொஞ்சல் மெல்ல மெல்லப் பயமுறுத்தலாக மாறும். இதைக் கேட்டுவிட்டும் 'வெறும் கத்தல்' என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். மான்செஸ்டர் போலீஸ் பின்னாளில் ஒரு தட்டுக்கடையில் இந்த ஆல்பத்தை ஆபாசம் என்று அள்ளிக்கொண்டு போனது தனிக்கதை.

தட்டின் கடைசியில் இருக்கிற 'அவர் வெட்டிங்' பாட்டுக்குப் பின்னால் ஒரு குறும்பு. 'லவ்விங்' என்று இளம்பெண்களுக்கான காதல் பத்திரிகை ஒன்று இருந்தது. 'க்ரியேட்டிவ் ரெக்கார்டிங் அண்ட் சவுண்ட் சர்வீசஸ்' என்ற கம்பெனியிலிருந்து பேசுகிறோம், கல்யாணப் பெண்களுக்காக இனிமையான பாட்டு ஒன்று இருக்கிறது, உங்கள் வாசகிகளுக்கு இலவசமாகத் தரலாமே என்று கேட்டார்கள். பத்திரிகையும் சந்தோஷமாக வெள்ளை நிற ஃப்ளெக்ஸி தட்டு (வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு) தருவதாக விளம்பரம் செய்தது. அந்தக் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. கூட்டினால் க்ராஸ். சர்க்கரைப் பாகு மாதிரி ஆர்கன் இசையில் 'என்றும் உன்னுடையவள்' ரகத்தில் வழிகிற பாட்டு, உண்மையில் அந்தப் பத்திரிகையையே கிண்டல் செய்கிறது. விஷயம் வெளியே வந்ததும் ரகளை. பாலியல் கிசுகிசுக்களுக்குப் பேர்போன 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பத்திரிகை, ஆல்பத்தின் தலைப்பே அச்சிட முடியாத அளவு ஆபாசம் என்று எழுதியது. எந்தப் பத்திரிகை இப்படிச் சொல்கிறது என்பதுதான் நகைச்சுவை.

1982இல் 'க்ரைஸ்ட் தி ஆல்பம்'. பெட்டியில் வைத்த இரட்டைத் தட்டு, கூடவே தடிமனான சிற்றேடு. அந்தச் சிற்றேட்டில் ரிம்போ எழுதிய 'தி லாஸ்ட் ஆஃப் தி ஹிப்பீஸ்' என்ற நீண்ட கட்டுரையை நான் தட்டைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களின் அருகே 1974இல் இலவசத் திருவிழா தொடங்கியவர்களில் ஒருவரான வாலி ஹோப் என்ற நண்பரின் கதை அது. மறு ஆண்டு போதைப்பொருள் வைத்திருந்ததாகப் பிடித்தார்கள், மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள், மருந்தாக ஏற்றினார்கள். வெளியே வந்தபோது ஆள் நடைப்பிணம். கொஞ்ச நாளில் செத்துப்போனார். தற்கொலை என்று தீர்ப்பு. இது அரசு செய்த கொலை என்று ரிம்போ அப்போது உறுதியாக நம்பினார். க்ராஸின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அந்தச் சாவிலிருந்து என்று சொல்லலாம். ஹிப்பி அமைதி மட்டும் போதாது என்று அவர் முடிவு செய்தது அங்கேதான்.

இந்த ஆல்பத்தைச் செதுக்கிச் செதுக்கிச் செய்ய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் 1982 ஏப்ரலில் அர்ஜென்டினாவோடு பிரிட்டன் மோதிய ஃபாக்லாந்து போர் தொடங்கி, ஜூனில் முடிந்தே போனது. போர் எதிர்ப்பையே தொழிலாக வைத்திருந்த குழு, சொந்த நாடு போருக்குப் போனபோது ஸ்டுடியோவில் ஒலி அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. இந்த வெட்கம் அவர்களை விடவில்லை. அதற்குப் பிறகு அழகுபடுத்துவதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, செய்தித்தாள் வேகத்தில் தட்டு போடத் தொடங்கினார்கள்.

போரைக் கிண்டல் செய்து 'ஷீப் ஃபார்மிங் இன் தி ஃபாக்லாண்ட்ஸ்' என்ற ஃப்ளெக்ஸி. முதலில் பெயரில்லாமல் வந்தது. ரஃப் ட்ரேட் என்ற தட்டுக் கம்பெனியின் விநியோகத்தில் வேலை செய்த அனுதாபிகள் அதை வேறு குழுக்களின் தட்டு உறைகளுக்குள் செருகி அனுப்பினார்கள். அப்புறம் தாட்சரை நேருக்கு நேர் கேட்கும் சிங்கிள்: ஆயிரம் பிணங்களுக்குத் தாயாக இருப்பது எப்படி இருக்கிறது? இரு தரப்பிலும் இறந்தவர்கள் சுமார் 900 பேர், ஆக ஆயிரம் என்பது அதிக மிகை இல்லை. டிம் எக்கர் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. இதன்மீது ஆபாசச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும் என்று கிளம்பினார். பாட்டில் ஆபாசம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். தலைப்பில்தான் இருக்கிறது, அதுவும் போர் சம்பந்தப்பட்ட ஆபாசம். விவகாரம் நாடாளுமன்றம் வரை போயும் வழக்கு எழவில்லை.

இதன் தொடர்ச்சிதான் 'தாட்சர்கேட்' ஒலிநாடா. இது கடையில் விற்ற பதிவு கிடையாது. ஆனால் க்ராஸ் உருவாக்கிய ஒலிப்பதிவுகளிலேயே அதிக தூரம் பயணித்தது இதுதான். தாட்சர், அமெரிக்க அதிபர் ரீகன் இருவரின் பேச்சுகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டி, இருவரும் தொலைபேசியில் பேசுவதுபோல ஒரு நாடா தயாரித்தார்கள். ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தெரிந்தே பலி கொடுக்கப்பட்டது என்பதுபோல அதில் வரும். 1983 தேர்தல் சமயத்தில் பெயரில்லாமல் பத்திரிகைகளுக்குப் போனது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் வேலை என்று சந்தேகப்பட்டது. 'அப்சர்வர்' பத்திரிகை நூல் பிடித்து வந்து நின்ற இடம் எசெக்ஸில் இருந்த அந்தத் தோட்ட வீடு. ரேஸர் பிளேடால் நாடாவை வெட்டி டேப் போட்டு ஒட்டிய காலத்துப் பொய்க் குரல் அது.

1983இல் 'யெஸ் சர், ஐ வில்'. ஃபாக்லாந்தில் உடல் கருகிப்போன ஒரு சிப்பாயைப் பார்க்க இளவரசர் சார்லஸ் வருகிறார். சீக்கிரம் குணமாகு என்கிறார். அவன் சொன்ன பதில்தான் தலைப்பு: சரிங்க ஐயா, ஆகிறேன். இது தனித்தனிப் பாட்டுகளாக இல்லை. ரிம்போவின் ஒரே நீண்ட கவிதை, இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல், கட்டுக்கடங்காத இரைச்சலுக்கு மேல் ஓடும். நேர்மையாகச் சொன்னால் நான் இதை முழுசாகக் கேட்டது இரண்டு தடவைதான். நல்ல தட்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒன்றைச் செய்துவிட்டு அடுத்து ஒரு பாட்டு எழுத முடியுமா என்று மட்டும் தோன்றியது.

அவர்களாலும் அதிகம் முடியவில்லை. 1984இல் 'யூ ஆர் ஆல்ரெடி டெட்' சிங்கிள் வரும்போது அகிம்சையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான்கு வருடம் முன்னால் 'ப்ளடி ரெவல்யூஷன்ஸ்' எழுதிய அதே குழுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று புரியும். அந்த ஜூலையில் வேல்ஸ் நாட்டு அபர்டேரில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு கச்சேரி. அதுவே கடைசி. அதற்குப் பிறகு ஆண்டி பாமர் விலகினார், மற்றவர்களும் கலைந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்த வருடம் சரியாக வந்து நின்றது. 1986இல் வந்த 'டென் நோட்ஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' ஒரு பின்குறிப்பு மாதிரி. அந்தப் பெயரில் அவ்வளவு நிதானமான ஒன்றா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

சொந்தத் தட்டுகளோடு இன்னொன்றையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். அந்தச் சின்ன கம்பெனி மற்றவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. ஸவுண்ட்ஸ், ஃப்ளக்ஸ் ஆஃப் பிங்க் இண்டியன்ஸ், கான்ஃப்ளிக்ட், ருடிமென்டரி பீனை, தி மாப் என்று பல குழுக்கள் அங்கே தட்டு போட்டன. ஐஸ்லாந்திலிருந்து குக்ல் என்ற குழுவும் வந்தது. அதில் பாடிய பெண் ப்யோர்க். ஃப்ளக்ஸ் குழுவில் இருந்த டெரக் பர்கெட் பின்னாளில் ஒன் லிட்டில் இண்டியன் என்ற கம்பெனியைத் தொடங்கி, உலகம் முழுக்க ப்யோர்க்கைக் கொண்டுபோனார். 'புல்ஷிட் டிடெக்டர்' என்ற பெயரில் மூன்று தொகுப்புகள் வேறு. தபாலில் முகம் தெரியாதவர்கள் அனுப்பிய கேசட்டுகளிலிருந்து பொறுக்கிய பாட்டுகள். பாதி படுக்கையறையில் பதிந்தவை, ஒலித் தரம் பரிதாபம். அந்தப் பரிதாபத்துக்குள் முதல் தொகுப்பில் ஏமிபிக்ஸ், இரண்டாவதில் சம்பவாம்பா, மூன்றாவதில் நேபாம் டெத் ஒளிந்திருக்கின்றன. சம்பவாம்பா 1997இல் உலகம் முழுக்க ஹிட் கொடுத்தது இஎம்ஐ கம்பெனியில் சேர்ந்து. பழைய தோழர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு நேரடி பதில். முதலில் 'பெஸ்ட் பிஃபோர் 1984' என்ற சிங்கிள்களின் தொகுப்பிலிருந்து 'பிக் ஏ லிட்டில் ஏ', 'நாகசாகி நைட்மேர்' இரண்டையும் கேளுங்கள். அடுத்து 'பீனிஸ் என்வி' முழுசாக, ஒரே மூச்சில். மூன்றாவதாக 'ஃபீடிங் ஆஃப் தி 5000'. இப்போது கிடைக்கிற பதிப்பில் 'அசைலம்' பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது; முதலில் அதை ஒதுக்கிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்து பாருங்கள், 1979இல் வாங்கியவன் கேட்டது அதைத்தான். அதற்குப் பிறகு 'ஸ்டேஷன்ஸ்' நாலாவது பக்கம். 'க்ரைஸ்ட்' கேட்கும்போது அந்தக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'யெஸ் சர்' கடைசியில், மனசு இருந்தால்.

எல்லாவற்றுக்கும் பாடல் வரிகள் கையில் இருக்கட்டும். ஸ்டீவ் பாடுகிற வேகத்துக்கு அந்த ஊர்க்காரர்களே அட்டையைப் பார்த்துத்தான் பின்தொடர்ந்தார்கள். அட்டைகளைப் பெரிதாக ஸ்கேன் செய்து பலர் போட்டு வைத்திருக்கிறார்கள். போனில் பார்க்காதீர்கள், எழுத்து தெரியாது. பழைய தட்டு வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 'ரியாலிட்டி அசைலம்' முதல் அச்சு இப்போது சேகரிப்பாளர்கள் சந்தையில் பழைய விலையைப்போல் பல மடங்குக்குப் போகிறது. விற்பவர் போடுகிற போட்டோவில், அட்டையில் அந்த 45 பென்ஸ் வரி நன்றாகவே தெரியும். மறுபதிப்பு வாங்கினால் போதும்.